ஆதரிக்கப்படாத தண்ணீர்

குடிநீர் வாரியத்துக்கு ஒரு தன்மானம் இருந்தது. அடுத்தவர் செய்த கணினி இயக்கமுறையில் நம் குழாய்கள் திறந்து மூடுவதா என்று இயக்குநர் ஒருநாள் கொதித்தெழுந்தார். அதன் விளைவாக வாரியத்துக்கென்றே ‘தன்னிறைவு’ என்ற புதிய லினக்ஸ் இயக்கமுறை உருவாக்கப்பட்டது. ஊரெல்லாம் புழங்கும் ஒரு லினக்ஸை எடுத்து, பெயரை மாற்றி, திரையில் வாரியத்தின் சின்னத்தைப் போட்டார்கள். அதற்கு விருது கூடக் கிடைத்தது.

கோளாறு வந்தது நீர்த்தேக்கத் தொட்டியில். அங்கே புதிய அளவுமானி பொருத்தினார்கள். பழையது தண்ணீரின் உயரத்தை அடிக்கணக்கில் சொல்லும், புதியது மீட்டர் கணக்கில் சொல்லும். முப்பது அடி ஒன்பது மீட்டர் ஆனதும், அந்த ஒன்பதையும் அடி என்றே எடுத்துக்கொண்டு, தொட்டி காலியாகிவிட்டது என்று நினைத்து வால்வைத் திறக்க மறுத்துவிட்டது புரோகிராம். தொட்டி நிறையத் தண்ணீர். ஊர் முழுக்கக் காற்று.

வாரியத்துக்கு இருந்த ஒரே புரோகிராமர் ஒரு பெண்மணி. அவள் தவற்றை உடனே கண்டுபிடித்துவிட்டாள். ஒரே ஒரு வரி. ஆனால் வரியைத் திருத்தினால் போதாது. அதை இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றித் தர கம்பைலர் வேண்டும். தன்னிறைவில் அது இல்லை. நிறுவப் போனால், ‘இந்த இயக்கமுறை ஆதரிக்கப்படவில்லை’ என்று சொல்லி நின்றுவிட்டது. கம்பைலர் நிறுவனத்துக்குப் போன் போட்டாள்.

“உங்க சிஸ்டம் எங்க பட்டியல்ல இல்லைங்க மேடம்.”

“பட்டியல்ல சேர்க்க என்ன செய்யணும்?”

“நூறு பேராவது அதுல எங்க கம்பைலரைப் போட்டிருக்கணும்.”

“போடவே விடமாட்டேங்குதே.”

“ஆமாங்க. பட்டியல்ல இல்லையே.”

இயக்குநரிடம் போய் நின்றாள். வீட்டில் மூன்று நாளாகக் குளிக்காத பிள்ளைகள். அவளுக்குப் பொறுமை நூலிழையில் இருந்தது.

“சார், சிஸ்டத்தோட பேரைக் கொஞ்ச நேரம் பழையபடி மாத்திக்கிட்டா போட்டுடலாம்.”

“என்னம்மா பேசுறீங்க? விருது வாங்கினதே பேருக்குத்தான். தன்னிறைவுக்குக் கம்பைலர் தேவையில்லை, போடவும் முடியாதுன்னு மேலிடத்துக்கு எழுதிட்டேன். ஊருக்கு லாரித் தண்ணிக்கு உத்தரவு வாங்கியாச்சு. குழாய்ல வராத வரைக்கும் லாரி வரும்.”

அவள் தலையாட்டிவிட்டுத் தன் இடத்துக்கு வந்தாள். இயக்கமுறையின் பெயர் ஒரு சின்னக் கோப்பில் ஒரு வரியாக இருந்தது. அதை அழித்து, பழைய பெயரை எழுதினாள். கம்பைலர் மறுபேச்சில்லாமல் போய் உட்கார்ந்துகொண்டது. புரோகிராமைத் திருத்தி ஓட்டிவிட்டு, பெயரைத் திரும்பத் தன்னிறைவாக்கினாள். மத்தியானத்துக்குள் ஊர்க் குழாய்கள் இருமி, செருமி, தண்ணீர் விட்டன.

சாயங்காலம் இயக்குநர் கூப்பிட்டனுப்பினார். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

“தண்ணி வருதாமே. எப்படி?”

“கம்பைலர் போட்டேன் சார்.”

“போட முடியாததை எப்படிம்மா போடுவீங்க?”

“போட்டாச்சு சார். வந்து பாருங்க.”

“பார்த்தா நான் சாட்சி ஆயிடுவேன். நல்லா யோசிங்க. போட முடியாதுன்னா போடல. போடலைன்னா புரோகிராம் மாறல. மாறலைன்னா தண்ணி வரல. இதுல எங்கே தப்பிருக்கு, சொல்லுங்க.”

தப்பு எதுவும் இல்லைதான். குழாயைத் தவிர.

“வால்வை மூடிடட்டுமா சார்?” என்று கடுப்போடு கேட்டாள்.

“ஐயையோ, மூடினா திறந்திருந்துச்சுன்னு ஆயிடும். அது பாட்டுக்கு வரட்டும். ஆனா அது ஆதரிக்கப்படாத தண்ணி. வாரியம் அதுக்குப் பொறுப்பில்லை. நாளைக்கு விசாரணை வச்சிருக்கேன், உண்மை தெரிஞ்சுடும்.”

வேலை முடிந்து வீட்டுக்கு வந்தவளுக்கு, தெருமுனையில் திரும்பும்போதே தண்ணீர் லாரி நிற்பது தெரிந்தது. பின்னால் தெருவே வரிசையில் நின்றது. நடுவில் இரண்டு குடங்களோடு அவள் புருஷன்.

“என்னங்க, வீட்டுக் குழாய்ல வரலையா?”

“பிச்சுக்கிட்டு வருது. செடிக்கெல்லாம் பாய்ச்சியாச்சு. ஆனா அந்தத் தண்ணிக்கு யாரும் பொறுப்பில்லைன்னு வாரியத்துலேருந்து மைக்ல சொல்லிட்டுப் போனாங்க. இது ஆர்டர் போட்டு வந்த தண்ணி.”

“ரெண்டும் ஒரே தொட்டித் தண்ணிதாங்க.”

“இருக்கட்டும்மா,” என்றார் முன்னால் நின்ற பக்கத்து வீட்டு வாத்தியார். “ஓசியா வாசலுக்கே வர்றதை எதுக்கு விடணும்? குழாய்ல வருதுன்னு வெளியில சொல்லிடாதீங்க, லாரியை நிறுத்திடுவாங்க.”

சுற்றி நின்றவர்கள் அவளையே பார்த்தார்கள். இத்தனை பேரை இவ்வளவு ஒற்றுமையாக அவள் அந்தத் தெருவில் பார்த்ததே இல்லை.

முறை வந்ததும் லாரிக்காரர் தாள் செருகிய ஒரு அட்டையை நீட்டினார். “குழாய்ல தண்ணி வரலைன்னு ஒரு கையெழுத்து. வேலையில இருக்கிறவங்க பதவியையும் எழுதிடுங்க.”

புருஷன் முழங்கையால் இடித்தான். “சீக்கிரம் போடு, பின்னாடி ஆள் நிக்குது.”

அவள் ஒரு கணம் தயங்கினாள். இரண்டு குடம் தண்ணீர் சும்மா போகிறதே என்றும் இருந்தது. போட்டாள். பதவியையும் எழுதினாள்.

மறுநாள் காலை விசாரணை தொடங்கிய வேகத்தில் முடிந்தது. வாரியத்தின் பொறுப்பு வாய்ந்த தொழில்நுட்ப அலுவலர் ஒருவரே எழுத்து மூலம் உறுதி செய்துவிட்டபடியால், ஊரில் தண்ணீர் வரவில்லை.