காம்பவுண்டுச் சுவரில் கருப்பர்

பெயிண்ட் வாசனை இன்னும் போகவில்லை. அதற்குள் புது வெள்ளைச் சுவரோரம் ஒருத்தர் சைக்கிளை நிறுத்திவிட்டு ஒதுங்கினார்.

"யோவ்! இது வீடுய்யா!" என்று கத்தினார் அழகுசுந்தரம்.

"அதான் தெரியுதே" என்று திரும்பாமலே பதில் சொன்ன அந்த ஆள், காரியத்தை முடித்துவிட்டு நிதானமாகப் போனார். என்ன தைரியம் பாருங்கள்!

கழனிவாசலில் அப்பா கட்டிவைத்த பழைய வீடு. அழகுசுந்தரம் புதுவயல் அரிசி ஆலையில் மேனேஜர். மகள் சத்தியப்பிரியாவுக்கு வந்த வரன்கள் ஒவ்வொன்றாகத் தட்டிப்போய், கடைசியில் சிவகங்கை இடம் ஒன்று ஜாதகம், படிப்பு, சம்பளம் என எல்லாம் பொருந்தி வந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள். அதற்காகத்தான் பெயிண்டே.

"வாசல்ல எறங்குன ஒடனே மூக்கைப் பொத்தப் போறாக" என்றாள் மனைவி வீரலட்சுமி. "இதுவும் தட்டிப் போச்சுன்னா நான் உசுரோட இருக்க மாட்டேன், ஆமா!"

கேட்டுக்குக் கறுப்பு அடித்துக்கொண்டிருந்த பெயிண்டர் பாண்டிமுருகன் தலையை நீட்டினான். "எழுதிப் போட்ருவோம்ண்ணே. 'இங்கே சிறுநீர் கழிக்காதீர்'னு கொட்டை எழுத்துல."

"எழுதுப்பா. பெருசா எழுது" என்று சொல்லிவிட்டு ஆலைக்குப் போனார் அழகுசுந்தரம்.

சாயங்காலம் திரும்பி வந்தால் சுவரோரம் ஒரே கூட்டம். வரிசை கட்டி நிற்காத குறை. சுவரைப் பார்த்தார். 'இங்கே சிறுநீர் கழிக்க' என்று ஆளுயர எழுத்தில் இருந்தது.

"பாண்டிமுருகா! மிச்சம் எங்கடா?"

"பெருசா எழுதச் சொன்னீகள்ல? சுவரு பத்தலண்ணே. துணைக்காலும் 'தீர்'ங்கிறதும் முக்குத் திரும்புனா அங்குட்டு இருக்கு."

"அங்குட்டுப் போயி எவன்டா படிப்பான்?"

"அவசரத்துல வர்றவக எப்படிண்ணே அவ்வளவு தூரம் போவாக?" என்று நியாயம் வேறு பேசினான்.

எதிர்வீட்டு யோகலட்சுமி வாசலிலிருந்தே யோசனை சொன்னாள். "சாமி படத்தை வரைஞ்சு விடுங்கண்ணே. ஒரு பய கிட்ட வர மாட்டான்."

நல்ல யோசனைதான். மறுநாள் காலையில் ஆலைக்குக் கிளம்பும் அவசரத்தில், "ஏதாவது ஒரு சாமியப் போட்டு விடுப்பா" என்றார் அழகுசுந்தரம்.

"எந்தச் சாமிண்ணே?"

"எதுன்னா என்ன? முழிச்சுப் பார்க்கிற சாமியாப் போடு."

அன்று இரவுக்குள் சுவரில் ஒரு கருப்பர் வந்து உட்கார்ந்துவிட்டார். கையில் அரிவாள், உருட்டி விழித்த கண்கள். குதிரைக்குப் பதிலாக ஆட்டுக்கிடா மேல் இருந்தார். மீசை ஒரு பக்கம் மேலே முறுக்கியும் ஒரு பக்கம் கீழே தொங்கியும் இருந்தது.

"மீசையைக் கோணலாப் போட்டுத் தொலைச்சிருக்கியேடா!"

"அதான் அழகுண்ணே" என்றான் பாண்டிமுருகன்.

ஒதுங்குகிற ஆட்கள் அன்றோடு நின்றார்கள். கும்பிடுகிற ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். யோகலட்சுமி முதல் சூடம் கொளுத்தினாள். வெள்ளைச் சுவரில் கரி ஏறியது. யாரோ எண்ணெய் ஊற்றினார்கள். சனிக்கிழமை காலையில் வீரலட்சுமி கோலம் போடக் கதவைத் திறந்தால், கேட்டில் ஒரு கிடாய்க்குட்டி கட்டிக் கிடக்கிறது!

"என்னங்க! நேத்திக்கடனாம்! நம்ம வீட்டு வாசல்ல வெட்டப் போறாகளாம்!"

அழகுசுந்தரம் பெயிண்டரிடம் ஓடினார். "பாண்டிமுருகா, இதுக்கு மேல வெள்ளையடிச்சு விடுறா."

"சாமி மூஞ்சியிலயா?" பாண்டிமுருகன் பிரஷைக் கீழே போட்டுவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டான். "நான் புள்ளகுட்டிக்காரண்ணே."

தானே அடிக்கலாம் என்று அழகுசுந்தரம் பிரஷை எடுத்தார். தெருவே அவரைப் பார்த்தது. மெதுவாகக் கீழே வைத்துவிட்டார். கிடாய்க்காரரிடம் கெஞ்சிக் கூத்தாடி, வெட்டுவதைத் திங்கட்கிழமைக்குத் தள்ளிப்போட வைத்ததே பெரும்பாடு.

ஞாயிற்றுக்கிழமை சொன்ன நேரத்துக்குக் கார் வந்தது. மாப்பிள்ளை கண்ணன், அவன் அம்மா, பிறகு அப்பா முத்துராமலிங்கம். இறங்கியதும் முத்துராமலிங்கம் சுவரைப் பார்த்தார். செருப்பைக் கழற்றினார். அப்படியே நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

அப்பாடா, பக்தியான மனிதர் என்று குளிர்ந்துபோனார் அழகுசுந்தரம். எழுந்தவர் முகமோ வெளிறியிருந்தது.

"உங்க குலதெய்வம் திருக்கோஷ்டியூர்ப் பக்கம் அய்யனாருன்னுல்ல சொன்னீக?"

"ஆமாண்ணே. அய்யனாருதான்."

"அப்ப இது யாரு? கிடா மேல உக்காந்த கோணமீசைக் கருப்பரு! எங்க பங்காளிகளைத் தவிர ஒருத்தரும் கும்பிடாத சாமி, உங்க வாசல்ல எப்படி வந்துச்சு?"

அவர் கேட்டது கண்ணனின் அம்மா காதில் விழுந்ததும் அவள் நெஞ்சில் கைவைத்தாள். "அடி ஆத்தீ! அப்ப நாம பங்காளிகளா? அந்தப் புள்ள எம்மகனுக்குத் தங்கச்சி முறையாகுது!"

அழகுசுந்தரம் வசமாக மாட்டிக்கொண்டார். நம்ம சாமிதான் என்றால் அண்ணன் தங்கச்சி ஆகிவிடும். இல்லை என்றால் காரணம் சொல்ல வேண்டும்.

"ஐயையோ, பங்காளியெல்லாம் இல்லண்ணே! சும்மா வரைஞ்சது!"

"சும்மாவா?"

"இல்ல... தெருவுல போறவுக சுவத்துல..." "ஒண்ணுக்குப் போறாகன்னு..."

கேட்டில் கட்டியிருந்த கிடாய்தான் முதலில் கத்தியது.

"ஒண்ணுக்குப் போறவனை வெரட்டவா?" முத்துராமலிங்கம் செருப்பை மாட்டினார். "எங்க குலசாமியவா? ஏறுங்க எல்லாரும் வண்டியில!"

"அண்ணே! ஒரு வாய் காப்பியாவது..."

கண்ணன்தான் முதல் ஆளாக ஏறிக்கொண்டான். கதவுகள் படார் படார் என்று சாத்தப்பட்டன. கார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு பறந்தது. வீட்டுக்குள் வீரலட்சுமி பெருங்குரலெடுத்து அழ ஆரம்பித்தாள். சத்தியப்பிரியா ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே பட்டுப்புடவையை மாற்றப் போனாள். கேசரி அடுப்பில் தீய்ந்துகொண்டிருந்தது.

மீதிச் சம்பளம் வாங்க வந்து நின்ற பாண்டிமுருகனின் சட்டையைப் பிடித்துவிட்டார் அழகுசுந்தரம். "ஊருல எத்தனை சாமி இருக்கு! பிள்ளையாரு இல்லையா, முருகன் இல்லையா? இந்தச் சாமிய எங்கேருந்துடா புடிச்சே, படுபாவி!"

பாண்டிமுருகன் திருதிருவென்று விழித்தான்.

"நான் பிள்ளையாருதான் வரையிறேன்னேன், மாப்பிள்ளைத் தம்பிதான் நம்ம பாப்பா போனுக்கு இந்தப் படத்த அனுப்பி, 'எங்கப்பா கண்ணுல மொதல்ல படுற மாதிரி வரைங்க'ன்னாரு, பாப்பாவும் 'ஞாயித்துக்கிழமைக்குள்ள முடிச்சிருங்கண்ணே'ன்னு கால்ல விழாத குறையாக் கெஞ்சுச்சு. அவுக ரெண்டு பேருக்குள்ளயும் என்னா ஒத்துமைங்கிறீக!"