லைட்டர் சத்தமும் எங்க வெள்ளச்சியும்

நேத்து எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். எங்க ஆடு வெள்ளச்சி ஒரு சிவப்பு பிளாஸ்டிக் மூடியை மூக்கால தொடணும். அதை எங்க மேடம் வீடியோ கால்ல பாக்கணும்.

சிரிக்காதீங்க. இது எம்.எஸ்சி. செய்முறைத் தேர்வு.

நான் படிக்கிறது நடத்தைப் பகுப்பாய்வு. ஒரு பழக்கத்தை எப்படி உண்டாக்குறது, எப்படி மாத்துறதுன்னு சொல்லித் தர்ற படிப்பு. படிச்சு முடிச்சுப் பிள்ளைங்களுக்குப் பழக்கிவிடப் போறதுக்கு முன்னாடி, ஏதாவது ஒரு பிராணிக்குப் புதுசா ஒண்ணு பழக்கிக் காட்டணும். தேறலைன்னா மறுபடி அடுத்த வருஷம்தான். கூடப் படிக்கிறவங்க எல்லாம் பட்டணத்துல நாய் வச்சிருக்காங்க. கொல்லிமலையில எங்ககிட்ட இருக்கிறது ஆடு.

முறை சுலபம். ஆடு சரியா செஞ்ச அந்த நொடியே 'டிக்'குன்னு ஒரு சத்தம், உடனே ஒரு துண்டு வாழைப்பழம். சத்தம் கேட்டா பழம் வரும்னு அது மனசுல பதிஞ்சிடும். அந்த 'டிக்'குக்குன்னே ஒரு சின்னக் கருவி விக்கிறாங்களாம். செம்மேட்டுக் கடையில விசாரிச்சேன். கடைக்காரர் ஒரு பட்டன் பேனாவை எடுத்து நீட்டினார்.

அப்பத்தான் என் மூளை வேலை செஞ்சுது. கேஸ் அடுப்பு பத்த வைக்கிற லைட்டர்! என்ன அருமையான 'டிக்' அது!

வெள்ளச்சி பிரமாதமா கத்துக்கிட்டா. கொஞ்சம் கூடுதலாவே. அம்மா அடுப்பு பத்த வச்சாப் போதும், சமையல் ரூமுக்குள்ள வந்து நிப்பா.

"ஏங்கண்ணு, இதுக்கு டீ பழக்கி உட்டுட்டியா?"ன்னு அம்மா கேட்டுச்சு.

"நல்லா கத்துக்கிட்டதுக்கு அடையாளம்மா அது"ன்னு பெருமையா சொன்னேன்.

நேத்து முன்ஜாக்கிரதையா, "பரீட்சை முடியற வரைக்கும் அடுப்புப் பக்கமே போயிராதம்மா"ன்னேன்.

"செரி சாமி, போவல."

உலகத்துல அடுப்பு எங்க ஊட்ல மட்டுந்தான் இருக்குன்னு நினைச்சேன் போல.

பலாமரத்தடியிலதான் சிக்னல் வரும். அங்க நின்னு மேடத்தைக் கூப்பிட்டேன். மூடியை நீட்டினேன். வெள்ளச்சி மூக்கால தொட்டா. டிக். பழம்.

"நல்லா இருக்கு. இன்னும் ரெண்டு தடவை காட்டுங்க"ன்னாங்க மேடம்.

அந்த நேரம் பாத்து பக்கத்து ஊட்டு செல்வியக்கா அடுப்பு பத்த வச்சாங்க. அக்காவோட லைட்டர் பழசு. லேசுல பிடிக்காது. டிக் டிக் டிக் டிக் டிக்...

வெள்ளச்சி காதுக்கு அது ஒரு தார் வாழைப்பழம். பாய்ஞ்சுட்டா.

மிளகுக்கொடிக்கு நடுவுல அவ முன்னாடி, போனைப் பிடிச்சுக்கிட்டு நான் பின்னாடி. "எனக்கு உங்க தாவாங்கட்டை மட்டும்தான் தெரியுது"ன்னு மேடம் குரல் வருது.

செல்வியக்கா ஊட்டுக்குள்ள நுழைஞ்சா, கூடம் நிறைய ஆளுங்க. அக்கா மகளைப் பொண்ணு பாக்க, மலையில அந்தப் பக்கம் இருக்கிற திருப்புலி நாட்டு ஊருல இருந்து வந்திருக்காங்க. டீ அவங்களுக்குத்தான். நடுவுல மாப்பிள்ளை. பைக்ல வந்திருப்பார் போல, மடியில ஹெல்மெட்.

சிவப்பு ஹெல்மெட்.

வெள்ளச்சி நேரா போய் அதை மூக்கால தொட்டா. உள்ள இருந்து 'டிக்'. அக்கா இன்னும் அடுப்போட போராடிட்டு இருந்தாங்க.

ஆட்டுக்கு வேற என்ன வேணும்? தலையைத் தூக்கி, பழம் எங்கேன்னு மாப்பிள்ளையையே பாத்தா. மிரண்டு போன மனுசன் தட்டுல இருந்த வாழைப்பழத்தை உரிச்சு நீட்டினார். அதைத் தின்னுட்டு மறுபடி ஹெல்மெட்டைத் தொட்டா. என் கையில இருந்த போனும் இவ்வளவு நேரம் அந்தப் பக்கமே திரும்பி இருந்துச்சு.

எனக்கு உடம்பெல்லாம் கூசிப் போச்சு. என் பரீட்சை போனாப் போகுது, அந்தப் பொண்ணோட கல்யாணமும் கெட்டுடுமேன்னு அவசரமா முன்னாடி போனேன்.

"மன்னிச்சுக்குங்க, பரீட்சை நடக்குதுங்க"ன்னேன்.

"ஆட்டுக்குங்களா?"ன்னு கேட்டாங்க மாப்பிள்ளையோட அம்மா.

போனை அணைக்கப் போனேன். "அணைக்காதீங்க"ன்னு மேடம் சத்தம் போட்டாங்க. "வேற இடம், வேற பொருள், வேற ஆள். அப்பவும் செய்யுது பாருங்க! இதை வரவைக்கத்தான் மத்தவங்க மாசக்கணக்கா கஷ்டப்படுறாங்க. நீங்க பாஸ்."

முதல்ல கை தட்டினது மாப்பிள்ளைதான். அவங்கம்மா செல்வியக்காவைக் கூப்பிட்டு, "பொண்ணைப் புடிச்சிருக்குங்க. ஆட்டை மட்டும் கூட அனுப்பிராதீங்க"ன்னாங்க.

எனக்கு சந்தோஷம் தாங்கல. அதே வேகத்துல மேடத்துகிட்ட, "லைட்டர் சத்தத்துக்கு ஓடுறதை எப்படி மேடம் நிறுத்துறது?"ன்னு கேட்டேன்.

"பழக்கத்தை நிறுத்துறதெல்லாம் அடுத்த செமஸ்டர் பாடம்மா."

அதுவரைக்கும் ரெண்டு ஊட்லயும் தீப்பெட்டிதான்.