மூச்சு விடும் பிணம்

அழுகைக் காட்சிக்காகச் சட்டைப்பையில் வெங்காயம் வைத்துக்கொண்டு ஒத்திகைக்குப் போன முட்டாள் நான். அழுகை வரவில்லை. சாம்பார் ஞாபகம்தான் வந்தது.

அந்த வெங்காயத்தை வாங்கி முகர்ந்துவிட்டு அதைப் பற்றி அரை மணி நேரம் பேசியவர் தியரி சார். எதைக் கேட்டாலும் "தியரிப்படி பாத்தா" என்றுதான் ஆரம்பிப்பார். நாடகத்தைப் பற்றி அவரளவு படித்தவரும் கிடையாது, அவரளவு மேடையேறாதவரும் கிடையாது. கல்லூரியில் நாடக ஆய்வு நடத்தி ஓய்வு பெற்று, நூம்பலில் தனியாக இருந்தார். பூந்தமல்லியில் நடக்கும் எங்கள் ஒத்திகைக்கு ஞாயிறு தவறாமல் வந்துவிடுவார். நான் இடது பக்கம் திரும்பினால், ஏன் இடது என்பார். அவர் விளக்கி முடிப்பதற்குள் எனக்கு நடக்கவே மறந்துபோகும்.

எங்கள் இயக்குநர் மல்லிகாக்கா. பஸ் ஸ்டாண்டு அருகே இட்லிக்கடை வைத்திருப்பவர். நாடகத்தில் அப்பா செத்துக் கிடப்பார்; மகனாகிய நான் அழ வேண்டும். அந்தப் பிணம் மூச்சை அடக்கவே கூடாது என்று தியரி சார் பிடிவாதம் பிடித்தார்.

"உசிரோடதான் படுத்திருக்கான்னு ஜனங்களுக்குத் தெரியட்டும். தெரிஞ்சும் அழுதாங்கன்னா, அதாம்மா நாடகம்."

"பொணம் மூச்சு உட்டா சிரிப்பானுங்க சார். வேணும்னா நீயே படுத்துக் காட்டு."

சொன்ன பிறகு அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டார். தியரி சாரின் நுரையீரல் மழைக்காலத்தைத் தாண்டாது என்று டாக்டர் சொல்லியிருந்தது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவர் முகமோ மலர்ந்துவிட்டது. ஆயுள் முழுக்க எழுதியதை ஒரு தடவையாவது மேடையில் சோதித்துப் பார்த்துவிட்டுப் போகிறேன், இந்த வேஷத்துக்கு என் நுரையீரலைவிடத் தகுதியானது எங்கே கிடைக்கும் என்று கேட்டார். அக்கா பாயை எடுத்து விரித்தார்.

நாடகத்தன்று பாயில் படுத்தார். வெளியே மெட்ரோ வேலை இரைச்சல். அதையும் மீறி, ஓட்டைப் பம்பில் சைக்கிளுக்குக் காற்றடிப்பது போல அவர் மூச்சு கேட்டது.

"இன்னாபா, பொணம் கொறட்ட உடுது," என்றான் முன்வரிசையில் ஒருவன். கூடமே சிரித்தது.

நான் குனிந்து அவர் மார்பில் கை வைத்தேன். ஒரு மூச்சுக்கும் அடுத்ததுக்கும் நடுவே பெரிய இடைவெளி. அடுத்தது வருமா என்று காத்துக்கொண்டிருந்ததில் வசனமெல்லாம் போய்விட்டது. விம்மி விம்மி அழுதேன். சிரிப்பு வரிசை வரிசையாக அடங்கி, கடைசியில் அந்த மூச்சு மட்டும் கேட்டது. முன்வரிசைக்காரன் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

அந்த வாரத்தை அவர் தாண்டவில்லை.

நாடகம் முடிந்து ஆம்புலன்சில் ஏற்றும்போது என் கையைப் பிடித்திருந்தார். வெட்கங்கெட்ட நான் அவர் காதருகே குனிந்து, என் நடிப்பு எப்படி சார் என்று கேட்டேன். பிடித்த கையை விடாமலே சொன்னார்:

"நீ எங்கேப்பா நடிச்ச?"