ஊர்ந்து போகும் மீன் குடில்

உட்கார்ந்தபடியே சர்க்கரையைக் குறைத்துக் காட்டுவது என்று அந்தக் குளிர்காலத்தில் சபதம் எடுத்தேன். டாக்டர் சொன்னது வேறு. "தினமும் நடங்க டெல்மர். குளிர் முடியறதுக்குள்ள சர்க்கரை இறங்கலேன்னா ஊசிதான்."

ஊசி! ஆறடி ஆண்பிள்ளை நான், ஊசியைக் கண்டால் நாற்காலிக்கு அடியில் ஒளிகிறவன். அதற்காக மின்னசோட்டாக் குளிரில் நடப்பதா? மூக்கு தனியாகக் கழன்று விழுந்துவிடும்.

யோசித்தேன். வீட்டுக்கு எதிரே ஏரி, கல்லாக உறைந்து கிடக்கிறது. கரையை ஒட்டி என் மீன் குடில். அடியில் சறுக்குக் கட்டை வைத்த மரக் கூண்டு அது. உள்ளே தூண்டில் போடப் பனியில் ஒரு ஓட்டை, ஒரு கணப்பு, ஒரு சாய்வு நாற்காலி. சொர்க்கம்!

"மார்லிஸ், தினமும் ஏரிக்கு நடந்து போய் மீன் பிடிக்கப் போறேன். அதான் என் உடற்பயிற்சி."

என் மனைவி கம்பளிப் பின்னலிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "நடந்தா?"

"பின்னே, பறந்தா?"

"தாராளமாப் போங்க. ஆனா மத்தியானச் சாப்பாடு வீட்டுலதான். வண்டியைத் தொடக்கூடாது, எனக்கு சர்ச்சுல வேலை இருக்கு."

இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொண்டாளே, அப்போதே சுதாரித்திருக்க வேண்டாமா? மண்டு!

முதல் வாரம் ராஜ வாழ்க்கை. தூண்டிலைப் போடுவேன், தூங்குவேன். மீன்களும் என்னைத் தொந்தரவு செய்யவில்லை.

பிறகு ஒரு நாள் காலையில் பார்க்கிறேன், குடில் கொஞ்சம் தள்ளி நிற்கிறது. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தேன். மறுநாள் இன்னும் தள்ளி. அப்புறம் நடு ஏரியில்! நாக்குத் தள்ளப் போய்ச் சேர்ந்து புது ஓட்டை போட்டால், சாப்பாட்டுக்குத் திரும்பும் நேரம் வந்துவிடும். சாப்பிட்டுவிட்டு மறுபடி நடை.

பக்கத்து வீட்டு வெர்லினைப் பிடித்தேன்.

"யோவ், என் குடில் நகருதுய்யா!"

"ஐஸ் நகருது டெல்மர். இந்த வருஷம் ஏரிக்கு ஓட்டம் ஜாஸ்தி."

"உன் குடில் நகரலையே?"

"என்னுது கனம்."

"பக்கத்துல ஏதோ தடம் இருக்கே?"

"ஓநாயா இருக்கும்."

"ஓநாய் சறுக்குக் கட்டை கட்டிக்கிட்டா வரும்?"

"வசதியான ஓநாய்."

நம்பினேன். சர்ச்சில் காணிக்கைத் தட்டு ஏந்துகிற மனுஷன் பொய்யா சொல்வான்?

மார்லிஸிடம் புலம்பினேன். "என்னால முடியலடி. கால் ரெண்டும் கெஞ்சுது."

"அடப் பாவமே! அப்போ வீட்டுலயே இருங்க. ஊசியை எங்கே குத்தணும்னு டாக்டர் எனக்குச் சொல்லிக் குடுத்திருக்காரு."

அவள் கையால் ஊசியா? அடுத்த நொடி பூட்ஸை மாட்டிக்கொண்டு ஏரியில் நின்றேன்.

பிப்ரவரி கடைசியில் பரிசோதனை. மார்லிஸும் கூட வந்தாள். டாக்டர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "சபாஷ்! சர்க்கரை நல்லா இறங்கிடுச்சு. ஊசி வேண்டாம்."

எனக்கு வந்த ஆனந்தத்தில் டாக்டரையே கட்டிக்கொண்டேன். "பாத்தியா மார்லிஸ்? உட்கார்ந்தே குறைச்சேன்!"

"நீங்க கெட்டிக்காரருங்க" என்றாள்.

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வெளியே வந்தால், காத்திருப்போர் நாற்காலியில் வெர்லின். சட்டைப் பொத்தான்கள் விடுதலை கேட்டுக்கொண்டிருந்தன.

"உனக்கென்னய்யா கேடு?"

"சர்க்கரை ஏறிப்போச்சு டெல்மர். எல்லாம் உன் சம்சாரம் சுட்டுக் குடுத்த ஆப்பிள் கேக்காலதான். ஒரு தடவை இழுத்தா ஒரு தட்டு."

"எதை இழுத்தா?"

வெர்லின் மார்லிஸைப் பார்த்தான். மார்லிஸ் கூரையைப் பார்த்தாள்.

"உன் குடிலைத்தான். நீ வீட்டுக்குப் போனதும் என் பனி வண்டியில கட்டி..."

எனக்கு ரத்தம் கொதித்தது. "துரோகி! ஓநாய்னு சொன்னியேடா!"

மார்லிஸ் நிதானமாகக் கையுறையை மாட்டிக்கொண்டாள். "கவலைப்படாதீங்க வெர்லின், உங்க சர்க்கரையும் இறங்கிடும். நாளையிலேருந்து பனி வண்டி வேண்டாம். குடிலைக் கையாலயே இழுங்க."

என் பக்கம் திரும்பினாள்.

"நீங்க பின்னாலேருந்து தள்ளுங்க."