ஹரோல்ட் படித்த மூன்று புத்தகங்கள்

"நீ அழகு. உன்னைப் போல இந்த உலகத்தில் இன்னொருத்தர் கிடையாது. இத்தனை வருஷம் உன்னைக் கவனிக்காமல் விட்டது என் தப்பு."

முகம் பார்க்கும் கண்ணாடிக்கு முன்னால் நின்று ஹரோல்ட் இப்படிச் சொல்லிக்கொண்டிருந்தபோது, வெளியே குழாயடியில் குடங்கள் உரசும் சத்தம் சட்டென்று நின்றுபோனது. அதை அவன் கவனிக்கவில்லை. கவனித்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

ஹரோல்ட் பெங்களூருவில் ஒரு பார்சல் கம்பெனியில் வேலை பார்க்கிறான். பழைய தங்கச்சுரங்கப் பக்கம் இருக்கும் பாலகாட்டிலிருந்து தினமும் ரயிலில் போய்த் திரும்பும் ஆள். நல்லவன், உழைப்பாளி, வாய் மட்டும் கிடையாது. போன வருஷம் டீம் லீடர் வேலைக்குக் கூப்பிட்டு, "உங்களைப் பத்தி சொல்லுங்க" என்று மேனேஜர் கேட்டதற்கு, "பேரு ஹரோல்ட்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டான். அந்த வேலை கூட வேலை பார்க்கும் ரூபேஷுக்குப் போனது. ரூபேஷ் தன்னைப் பற்றி அரை மணி நேரம் பேசினான் என்றும், அதில் பாதி பொய் என்றும் கம்பெனியில் சொல்லிக்கொண்டார்கள்.

ரயில் சிநேகிதன் ஃப்ரெடிதான் இதற்கு மருந்து கண்டுபிடித்தான். ஃப்ரெடி சுயமுன்னேற்றப் புத்தகமாக வாங்கித் தள்ளுகிறவன். எதையும் முடித்ததில்லை. முன்னுரையிலேயே முன்னேறிவிடுவான்.

"இத்த படி மச்சான். ஊமை கூட மைக்க புடுங்கிப் பேசுவான்."

'கண்ணாடி முன் நில்' என்பது புத்தகத்தின் பெயர். தினமும் காலையில் கண்ணாடி பார்த்து, தன்னையே 'நீ' என்று கூப்பிட்டு, அன்பான வார்த்தைகளை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மனசுக்குள் சொன்னால் செல்லாது. ஒரு நாள் விட்டாலும் மறுபடி முதலிலிருந்து.

இதை எழுதிய மகானுபாவர் தனி பங்களாவில் குடியிருந்திருக்க வேண்டும். ஹரோல்ட் இருப்பது லைன் வீட்டில். சுரங்கக் கம்பெனி காலத்தில் தொழிலாளிகளுக்காக வரிசையாகக் கட்டிய வீடுகள். இரண்டு வீட்டுக்கு ஒரே சுவர். அந்தச் சுவரும் கூரை வரைக்கும் போகாமல் பாதியில் நின்றுவிடும். இந்த வீட்டில் இருமினால் சத்தம் தகரத்தில் மோதி அந்த வீட்டுக் கூடத்தில் இறங்கும். இருமியது தானா பக்கத்து வீட்டுக்காரரா என்று இருமியவருக்கே சில சமயம் சந்தேகம் வரும்.

ஹரோல்டுடையது கடைசி வீடு. ஒரு பக்கம் ஜன்னல், ஜன்னலுக்கு எதிரே குழாயடி. மறுபக்கம் பொதுச்சுவர், அதற்கு அப்பால் பென்ஷன்காரர் ராஜப்பாவும் அவர் மனைவி சரோஜம்மாவும். ஹரோல்டின் மனைவி ஜெனிட்டா மட்டும் ஊரில் இல்லை. தங்கை பிரசவத்துக்காக ஓசூர் போயிருந்தாள்.

சாயங்காலம் ரயிலிலிருந்து வந்து பூட்டைத் திறக்கும்போது எதிர்வீட்டு அமலா கேட்டாள்.

"இன்னா ஹரோல்டு, ஊட்டுக்கு ஆள் வந்துக்கிறாங்களா?"

"இல்லியேக்கா. நான் மட்டும்தான்."

"ஓ" என்றாள் அமலா. அந்த 'ஓ' குழாயடியைச் சுற்றி வந்து, ராத்திரி சாப்பாட்டுக்குள் எல்லா வீட்டுக்கும் போய்விட்டது.

மறுநாள் காலை, அமலா கேட்டதை நினைத்து ஹரோல்ட் ஜன்னலைச் சாத்திவிட்டுக் கண்ணாடி முன் நின்றான். அன்றைக்கு மாலையே ஜெனிட்டாவிடமிருந்து போன் வந்தது.

"ஜன்னல ஏன் சாத்தினீங்க?"

"காத்து அடிச்சுது."

"மே மாசத்துல காத்தா? யாரு அவ?"

 ஹரோல்ட் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தான். "ஜெனி, நான் கண்ணாடிகிட்டதான் பேசினேன். நீ அழகா இருக்கேன்னு கண்ணாடிகிட்ட சொன்னேன். அவ்ளோதான்."



"கல்யாணம் ஆயி இத்தினி வருஷத்துல என்னிய ஒருவாட்டி அழகுன்னு சொல்லியிருக்கீங்களா? கண்ணாடிகிட்ட சொன்னாராமே. ஞாயித்துக்கிழம வரேன். நீங்க சொல்றது நெசமா இல்லாட்டி, மிச்சம் இருக்கிற என் துணிமணிய எடுத்துக்கினு இங்கியே வந்துடுவேன்."

போனை வைத்துவிட்டாள். ஹரோல்ட் சாப்பிடவில்லை. ஜெனிட்டா என்றால் அவனுக்கு உயிர். அவள் சேலை கட்டிக்கொண்டு சர்ச்சுக்குக் கிளம்பும்போதெல்லாம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறப்பான். "சாவி எடுத்துக்கினியா" என்றுதான் வரும். அந்த வியாதிக்கும் சேர்த்துத்தானே அவன் இந்த மருந்தைக் குடிக்க ஆரம்பித்தான்.

மறுநாள் ரயிலில் விஷயத்தைக் கேட்ட ஃப்ரெடி கொஞ்சமும் அசரவில்லை. பையிலிருந்து இரண்டாவது புத்தகத்தை எடுத்தான். 'அக்கம் பக்கமே ஆதாரம்.'

"உன் பிரச்சின இப்போ தனிமனுஷ வளர்ச்சி இல்ல மச்சான். கம்யூனிட்டி. இதுல மூணாவது சாப்டர் பாரு. தப்பா நெனச்சிட்டாங்கன்னா நாமளே போயி, எல்லார் முன்னாலயும், ஒளிக்காம சொல்லிடணும்."

ஹரோல்ட் அந்த அத்தியாயத்தை இரண்டு முறை படித்தான். விடிந்ததும் குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனான். வரிசையில் அமலா இருந்தாள், இன்னும் ஐந்தாறு பெண்கள் இருந்தார்கள். வழக்கமாகத் தண்ணீருக்கு வரும் சரோஜம்மாவைக் காணோம். அவளுக்குப் பதிலாக ராஜப்பா குடத்தோடு நின்றார். ரிட்டயர் ஆன நாளிலிருந்து ஒரு சொம்பு கூடத் தூக்காத மனுஷர்.

ஹரோல்ட் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"எல்லாரும் கேட்டுக்கோங்க. எங்க ஊட்ல எந்தப் பொண்ணும் இல்ல. நான் லவ் பண்றது என்னையேதான்."

 அமலாவின் குடம் நிரம்பி வழிந்தது.

"எப்பலேருந்து?" என்று மெதுவாகக் கேட்டாள் அமலா.

"கொஞ்ச நாளாத்தான் அக்கா. போகப் போக இன்னும் அதிகமாவும்னு போட்டிருக்கு."

ராஜப்பா பாதிக் குடத்தோடு கிளம்பிவிட்டார். ஹரோல்டின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. மற்றவர்கள் பார்த்தார்கள். இரக்கத்தோடு பார்த்தார்கள்.

அன்று சாயங்காலம் பாஸ்டர் கொர்னேலியஸ் ஜெப எண்ணெய்க் குப்பியோடு வந்துவிட்டார். அமலாவின் ஏற்பாடு. ஹரோல்ட் எவ்வளவு விளக்கியும், "பயப்படாதீங்க பிரதர், கர்த்தர் பாத்துக்குவாரு" என்பதைத் தவிர அவர் வேறெதுவும் சொல்லவில்லை. நெற்றியில் எண்ணெய் தடவி ஜெபித்தார். போகிறபோது கட்டிலில் கிடந்த பெட்ஷீட்டை எடுத்துக் கண்ணாடியை மூடிவிட்டுப் போனார்.

வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் சபை வாட்ஸப் குழுவில் ஒரு ஜெபக்குறிப்பும் போட்டார். 'சகோதரர் ஹரோல்ட் கண்ணாடியில் காண்கிற உருவத்திலிருந்து பூரண விடுதலை பெற ஊக்கமாக ஜெபிக்கவும்.' அந்தக் குழுவில் ஜெனிட்டாவும் இருக்கிறாள்.

"கண்ணாடில யாரு தெரியறா?" என்றாள் போனில்.

"நான்தான் தெரியறேன்."

"அப்பறம் பாஸ்டர் ஏன் பெட்ஷீட் போட்டாரு?"

 இதற்குப் பதில் எந்தப் புத்தகத்திலும் இருக்கும் என்று ஹரோல்டுக்குத் தோன்றவில்லை.

இத்தனை ரகளைக்கு நடுவிலும் அவன் பயிற்சியை விடவில்லை. பாதியில் விட்டால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டுமே. பெட்ஷீட்டை விலக்கிவிட்டு, ஜன்னலையும் சாத்திவிட்டு, குரலை நன்றாகத் தணித்துச் சொன்னான். உடனே பொதுச்சுவரில் யாரோ தட்டினார்கள். ராஜப்பாவுக்குத் தொந்தரவு போலிருக்கிறது என்று குரலை இன்னும் தணித்தான். முன்னைவிட வேகமாகத் தட்டல் விழுந்தது. பதற்றத்தில், மீதி வார்த்தைகளைக் கடகடவென்று ஒப்பித்து முடித்துவிட்டு ரயிலுக்கு ஓடினான்.

ஓடும்போதுதான் அவனுக்கு ஒன்று உறைத்தது. தணிந்த குரலே சுவரைத் தாண்டிப் போகிறதென்றால், இத்தனை நாள் பேசியது ஒரே ஒரு ஆண் குரல்தான் என்பது ராஜப்பாவுக்குத் தெரியாமலா இருக்கும்? ஒரு வளையல் சத்தம்கூட இந்த வீட்டில் கேட்கவில்லை என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். பெரிய மனுஷர், பொய் சொல்லாதவர் என்று லைனில் பெயர் எடுத்தவர். ஜெனிட்டா நம்புவாள்.

ஃப்ரெடி மூன்றாவது புத்தகத்தைத் தயாராக வைத்திருந்தான். 'சமூகம் என்னும் நீதிமன்றம்.' "கூட்டம் போடு மச்சான். சாட்சிய ஜனங்க முன்னால நிறுத்து. சொஸைட்டி லெவல்ல முடிச்சிடு."

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எல்லாரும் வந்ததும், வாசலில் நாற்காலி போட்டான் ஹரோல்ட். ராபர்ட்சன்பேட்டை கடைத்தெருவிலிருந்து பன்னும் மசால்வடையும் வாங்கி வந்திருந்தான். வடைக்காக வந்தவர்கள் பாதி, வேடிக்கைக்காக வந்தவர்கள் பாதி. பாஸ்டர் நடுவில் உட்கார்ந்தார். ஜெனிட்டா ஆட்டோவிலிருந்து பையோடு இறங்கி, யாரிடமும் பேசாமல் வீட்டுக்குள் போய்க் கட்டிலுக்கு அடியில், கதவுக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டிக்குள் எல்லாம் பார்த்துவிட்டு வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

ராஜப்பா கடைசியாக வந்தார். முகச்சவரம் செய்து, பவுடர் போட்டு, இஸ்திரி போட்ட சட்டையில் இருந்தார்.

"சரோஜாக்கா வர்ல?" என்று அமலா கேட்டாள்.

"அவளுக்குக் கால் வலி. படுத்துக்கினு இருக்கா" என்றார் ராஜப்பா. அவர் வீட்டிலிருந்து மிக்ஸி ஓடும் சத்தமும், யாரோ பாட்டு முணுமுணுக்கும் சத்தமும் வந்தன. கேசரி வாசனையும் வந்தது.

ஹரோல்ட் எழுந்தான்.  பேசினான். இவ்வளவு பேருக்கு முன்னால் அவன் பேசியதை லைன் அன்றைக்குத்தான் முதல்முறை பார்த்தது.

"நமக்கு ஒரே சுவரு மாமா. எங்க ஊட்ல ஊசி விழுந்தா உங்க ஊட்ல கேக்கும். இந்த வாரம் பூரா காலைல எங்க ஊட்லருந்து இன்னா கேட்டுது? யாரு குரல் கேட்டுது? நீங்களே சொல்லுங்க."

ராஜப்பா தன் வீட்டு வாசலை ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்தார்.

"எனக்கு ஒண்ணும் கேக்கலியேப்பா."

"மாமா, என் குரல் கேக்கல?"

"உன் குரலா? இல்லியே."

"நான் குரல கொறச்சதும் சுவத்த தட்டினீங்களே."

"ஆணி அடிச்சேன்."

"காலங்காத்தாலயா?"

"ஆணிக்கு இன்னா நேரம் காலம்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார் ராஜப்பா. வடைகூட எடுத்துக்கொள்ளவில்லை.

அமலா பக்கத்தில் இருந்தவளிடம் சாய்ந்தாள். "பக்கத்து ஊட்டுக்கே கேக்கலன்னா, காதோட காதா பேசிக்கிறாங்க. அவ்ளோ தூரம் போயிடுச்சி." சாய்ந்து சொன்னாலும் அது கடைசி நாற்காலி வரைக்கும் கேட்டது.

பாஸ்டர் கண்ணை மூடி ஜெபத்தை ஆரம்பித்தார். ஜனங்கள் ஆமென் சொல்லிவிட்டு, மிச்சம் இருந்த பன்னையும் எடுத்துக்கொண்டு கலைந்தார்கள்.  ஜெனிட்டா உள்ளே போய் பீரோவைத் திறந்து துணிகளைப் பைக்குள் திணித்தாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. திட்டியிருந்தால்கூட ஹரோல்ட் தாங்கியிருப்பான்.

"ஜெனி, போவாத."

"வழிய விடுங்க. பஸ்ஸுக்கு நேரமாச்சி."

ஹரோல்டுக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு ஆவேசம் வந்ததோ. வாசல் வழியாக ஓடி, லைனைச் சுற்றிப் பின்சந்துக்குப் போனான். ராஜப்பா தன் வீட்டுப் பின்கதவுக்குப் பக்கத்தில் வேப்பங்குச்சியைக் கடித்துக்கொண்டு நின்றிருந்தார். ஹரோல்ட் அவர் சட்டையைப் பிடிக்காத குறை.

"இன்னா மாமா இது? உங்களுக்கு நான் இன்னா கெடுதல் பண்ணேன்? என் பொண்டாட்டி பையத் தூக்கிக்கினு கெளம்பிட்டா. அவள விட்டா எனக்கு வேற யாரு மாமா? ஊர்ல யாருகிட்டயும் எனக்கு அழகுன்னு சொல்ல வாய் வர்ல, அவகிட்டயே வர்ல, அதுக்குத்தானே அந்தக் கண்ணாடி முன்னால பைத்தியக்காரன் மாதிரி நின்னேன். அவதான் மாமா எனக்கு அழகு. அவ போயிட்டா அந்தக் கண்ணாடிய வெச்சிக்கினு நான் இன்னா பண்றது?"

அவனுக்குப் பின்னால் சந்தின் முனையில் பையோடு ஜெனிட்டா நின்றிருந்தாள். பஸ்ஸுக்கு அந்த வழிதான் குறுக்கு வழி. 

ராஜப்பா அவளைப் பார்த்தார். ஹரோல்டைப் பார்த்தார். வேப்பங்குச்சியை எறிந்தார்.

"நீ தனியாத்தான் பேசினே. ஒரு பொம்பள குரலும் கெடையாது. தெனமும் முழுசாத்தான் கேட்டேன். 'உன்ன மாதிரி யாரும் இல்ல, உன்ன கவனிக்காம விட்டது என் தப்பு, இனிமே உன்ன கைவிட மாட்டேன்', எல்லாம் எனக்கு மனப்பாடம். பொறுத்துக்கம்மா ஜெனிட்டா, உன் புருஷன் தங்கம். போயி ஊட்ல பைய வை."

ஜெனிட்டாவின் கையிலிருந்து பை கீழே விழுந்தது. முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். அடுத்த நிமிஷம் கோபம் இடம் மாறி ராஜப்பா மேல் பாய்ந்தது.

"அவ்ளோ பேர் முன்னால ஒண்ணும் கேக்கலன்னு சொன்னீங்களே மாமா. நான் போயிருந்தா? குரல் கொறஞ்சா சுவத்த வேற தட்டினீங்களாமே. ஏன்?"

ராஜப்பா பின்கதவு வழியாக உள்ளே எட்டிப் பார்த்தார். மிக்ஸி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அவர் இரண்டு பேரையும் கிட்டே வரச் சொல்லிக் குரலைத் தாழ்த்தினார்.

"சமையக்கட்டுலருந்து கேக்கற சரோஜா, அதெல்லாம் கூடத்துல நான் சொல்றேன்னு நெனச்சிக்கினு இருக்காம்மா."