ஆறாம் நம்பர் குழியும் என் முடிவிலாத் தொடரும்

நான் ஒரு முட்டாள். இதை நானே முதலில் சொல்லிவிடுவது நல்லது; ஆம்பூரில் விசாரித்தால் இன்னும் ஜாஸ்தியாகச் சொல்லுவார்கள். அதுவும் சாதாரண முட்டாள் இல்லை, கணக்கில் பி.ஏ. தேறிய முட்டாள். (இந்த வகைக்கு மருந்து கிடையாது.)

ஐம்பதுகளின் நடுவில் தோல் பதனிடும் ஷாப் ஒன்றில் மேற்பார்வை வேலைக்குச் சேர்ந்தேன். மூன்று மாதம் பார்த்துவிட்டு நிரந்தரம் செய்வதாகச் சொன்னார் முதலாளி ஹாஜியார். குடியாத்தத்தில் லுங்கி நெசவுக் குடும்பத்தில் எனக்குப் பெண் பார்த்திருந்தார்கள். "வேலை நிரந்தரம் ஆவட்டும், தட்டு மாத்திக்கலாம்" என்று பெண்ணின் அப்பா சொல்லிவிட்டார். ஆக, ஹாஜியார் தலையசைத்தால்தான் எனக்குக் கல்யாணம்.

மூன்றாவது மாதக் கடைசியில் அவர் மெட்ராஸ் கிளம்பினார். "பத்து நாள்ல வர்றேன். ஆறாம் நம்பர் குழியப் பாத்துக்க தம்பி" என்றார். அந்தக் குழியில் ஆவாரம்பட்டைச் சாற்றில் ஆட்டுத் தோல்கள் ஊறிக்கொண்டிருந்தன. தோலுக்கு மேல் பதினாறு விரல் உயரம் சாறு நின்றது. தோல் வெளியே தெரிந்தால் வெயிலில் கறுத்துவிடும். பிறகு அதை யாரும் சீண்ட மாட்டார்கள்.

அவர் போன மறுநாளே குழி கசிய ஆரம்பித்தது.

"அடியில வெடிப்பு வுட்டுருக்குது சார். தோல வேற குழிக்கு மாத்திட்டு அடைச்சிடலாம்" என்றார் மேஸ்திரி கன்னியப்பன்.

பொறுக்கச் சொன்னேன். குச்சியை விட்டு அளந்தேன். முதல் நாள் ஆறு விரல் குறைந்தது. இரண்டாம் நாள் மூன்று. மூன்றாம் நாள் இரண்டு. நாலாம் நாள் ஒன்றரை. எனக்குப் புல்லரித்தது. ஆறை ஒன்றால், இரண்டால், மூன்றால், நாலால் வகுத்துக்கொண்டே போகும் முடிவிலாத் தொடர், தோல் நாற்றத்துக்கு நடுவே என்னைத் தேடி வந்திருக்கிறது.

"இன்னா சார் சிரிக்கிறீங்க?"

"தினமும் கசிவு கம்மியாகுது மேஸ்திரி. இன்னிக்குக் கசிவ நேத்துக் கசிவால வகுத்தா ஒண்ணுக்குக் கீழதான் வருது. அப்போ தொடர் குவியும். மொத்தக் கசிவு பதினாலு விரலத் தாண்டாது."

"யாரு நிறுத்துவாங்க?"

"தானா நிக்கும்."

"நிக்கட்டும். அதுவரைக்கும் நாலு பீப்பா சாறு ஊத்தி வைக்கிறேன்."

"தொடாதீங்க. நடுவுல ஊத்தினா என் கணக்கு கெட்டுடும்."

(தோல் கெடுமே என்று ஒரு கணம்கூட எனக்குத் தோன்றவில்லை. இன்றும் ரசத்தில் தண்ணீர் விடும்போதெல்லாம் என் மனைவி, "ஊத்தலாமா, கணக்கு கெட்டுடுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஊற்றுகிறாள். பேரப்பிள்ளைகளும் கற்றுக்கொண்டுவிட்டார்கள்.)

ஆறாம் நாள் மொத்தக் கசிவு பதினாலைத் தாண்டியது. சுவரில் நான் எழுதி வைத்திருந்த பதினாலை அழித்துப் பதினைந்து என்று எழுதினேன். ஏழாம் நாள் அதையும் தாண்டியது. பதினாறு என்று எழுதினேன்.

"பதினாறு போனா அப்புறம் தோலுதான் சார்" என்றார் மேஸ்திரி.

எட்டாம் நாள் வெள்ளிக்கிழமை, ஷாப்புக்கு லீவு. சனிக்கிழமை போய்ப் பார்த்தால், மேல் வரிசைத் தோல்கள் வெளியே வந்து, கறுத்து, சுட்ட அப்பளம் மாதிரி சுருண்டு கிடந்தன. மேஸ்திரி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கேட்காமலே பீப்பாவை உருட்டிக்கொண்டு வந்தார்.

அறைக்கு ஓடிப்போய்க் கல்லூரி நோட்டைப் பிரித்தேன். புரொபசர் சிவப்பு மையில் எழுதியிருந்தார்: விகிதம் ஒன்றுக்குக் கீழே இருந்தால் போதாது, அது ஒன்றையே நெருங்கிக்கொண்டு போனால் இந்த வகுத்துப் பார்க்கும் சோதனை எதையும் சொல்லாது. என்னுடையது ஒன்றை நோக்கித்தான் நடந்துகொண்டிருந்தது. பரீட்சையிலும் இதே தப்பைத்தான் செய்திருக்கிறேன்.

ஹாஜியார் வந்தார். குழியைப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. திட்டியிருந்தால் நான் சும்மா இருந்திருப்பேன். பேசாமல் இருந்ததால், அவருக்கு விளக்கம் தேவைப்படுகிறது என்று நினைத்துச் சாக்பீஸை எடுத்தேன்.

"மூணாம் நாளும் நாலாம் நாளும் சேந்தா மூணு விரலுக்கு மேலங்க. அடுத்த நாலு நாள் சேந்தாலும் மூணு விரலுக்கு மேல. அதுக்கடுத்த எட்டு நாளும் அப்படித்தான். கசிவு கம்மியாகும், ஆனா மொத்தம் ஏறிக்கிட்டே இருக்கும்."

தாடியைத் தடவிக்கொண்டே பொறுமையாகக் கேட்டார். "அப்போ எங்கதான் நிக்கும்?"

"நிக்கவே நிக்காதுங்க ஹாஜியார். இந்தத் தொடருக்கு முடிவே கிடையாது."

"உன் வேலைக்கு இருக்குது."