குரங்குக்கும் தலைகுனிந்த கறுப்புப் பட்டி

கினிகத்தேனை,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள ஸஃப்வான் மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் உங்கள் தங்கை முனீராவும் மகள் ஹனாவும் சுகம். தலவாக்கலையில் உங்கள் எல்லாருடைய சுகத்துக்கும் துஆ செய்கிறோம். போனில் பேசினால் கத்திவிடுவேன், அதனால்தான் கடிதம்.

உங்கள் மகன் ஷிஹாமுக்கு ஹனாவைக் கொடுக்கும் பேச்சை நிறுத்திக்கொள்வோம்.

பிள்ளை கராத்தேயில் கறுப்புப் பட்டி என்றீர்கள். என் கடை வாசலில் வாழைக்குலை தொங்கவிட முடியாமல் குரங்குத் தொல்லை, கறுப்புப் பட்டி காவல் நின்றால் பிழைத்தோம் என்று நானும் ஆசைப்பட்டு, இன்று இங்கே வந்தவனை நிறுத்திவிட்டு அஸர் தொழுகைக்குப் போனேன். திரும்பி வந்தால் வாசலில் ஒரு பெரிய கடுவன் குரங்கு, அதன் முன்னால் உங்கள் மகன் கைகளைத் தொடையோடு ஒட்டித் தலைகுனிந்து நிற்கிறான். எதையும் மரியாதையோடுதான் தொடங்க வேண்டுமாம்! "அடிடா!" என்றேன். "முதல் அடி நாம அடிக்கக் கூடாது மாமா, அதுதான் கராத்தே" என்கிறான். குரங்கு குலையில் கை வைத்தது. "வாழப்பழத்துலதானே மாமா கை வெச்சிச்சு, என்மேல இல்லையே" என்று பழத்தைப் பணிவாகத் திருப்பிக் கேட்கப் போனான். விட்டது பாருங்கள் கன்னத்தில் ஒரு அறை! நான் துள்ளிக் குதித்தேன். "இப்ப அது அடிச்சிருச்சில்ல, நீயும் அடி!" "இப்ப எனக்குக் கோவம் வந்திருச்சு மாமா. கோவத்தோட கை ஓங்கக் கூடாது" என்று கண்ணை மூடி மூச்சு விடத் தொடங்கினான். அவன் கண் திறந்தபோது குரங்கு பலா மரத்தில், முழுக் குலையும் அதன் மடியில். பஸ்ஸுக்கு நின்ற சனமெல்லாம் கை தட்டியது. நான் விளக்குமாற்றை எடுத்து உங்கள் மகனையே துரத்தினேன். ஒரு அடியும் படவில்லை, ஒதுங்கி ஒதுங்கி நின்றான், கடைசியில் நான்தான் மூச்சு வாங்கி அரிசி மூட்டையில் உட்கார்ந்தேன். அவனே பிளேன்டீ ஊற்றித் தந்தான்.

பிள்ளை நல்லவன் மச்சான், அதுதான் எனக்குப் பயம். நாளைக்கு வீட்டுக்குள் கள்ளன் புகுந்தாலும் குனிந்து வழிவிடுவான். ஹனா எனக்கு ஒரே பிள்ளை, மனசு கேட்கவில்லை.

ஷிஹாமின் உம்மா, ராத்தாவுக்கு என் சலாம். இரண்டு வீட்டுக்கும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக.

இப்படிக்கு,
நஸார்

பி.கு.: உறையை ஒட்டச் சொல்லி ஹனாவிடம் கொடுத்தேன், வாசித்துவிட்டாள். ஷிஹாமிடம் எப்போது பாடம் கேட்டாளோ தெரியாது, என் முன்னால் நேராக நின்று தலைகுனிந்தாள். "வாப்பா, இவ்வளவு நாளும் நான் உங்கள எதுத்துப் பேசினதில்ல. இப்ப இந்தக் கடிதத்தால முதல் அடிய நீங்க அடிச்சிட்டீங்க. எனக்குக் கோவமும் இல்ல" என்றாள். ஆகவே மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிட்டு, நிக்காஹ்வுக்கு உடனே நாள் குறித்து அனுப்பவும்.